ஏற்காட்டுச் சாலையில் ஒரு வளைவு

சேலம் அஸ்தம்பட்டியைத் தாண்டி ஏற்காட்டுக்குப் போகிறவர்கள், அடிவாரம் வருவதற்குள் சாலையோரத்தில் ஒரு பழைய நுழைவு வளைவைப் பார்க்கலாம். மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த இடம் அது. படப்பிடிப்புத் தளங்கள் போய்விட்டன; உள்ளே வீடுகள் வந்துவிட்டன; வளைவு மட்டும் நிற்கிறது. தமிழ்நாட்டில் டிஜிட்டல் ஊடகத் தொழில் தொடங்கும் இளைஞர்களைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த வளைவுதான். சென்னைக்கு வெளியே, ஒரு மலையின் காலடியில், ஊடக நிறுவனம் ஒன்று முளைத்து வளர முடியுமா என்ற கேள்விக்கு இந்த ஊர் ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறது.

திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துத் திரும்பியவர். நூல், தறி என்று போயிருக்க வேண்டியவர், 1930-களின் நடுவில் படம் எடுக்க இறங்கினார். 1937-இல் ‘சதி அகல்யா’. அடுத்த ஆண்டே மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ இதே நிறுவனத்திலிருந்து வந்தது. 1940-இல் பி.யு. சின்னப்பா இரட்டை வேடமிட்ட ‘உத்தம புத்திரன்’. 1950-இல் மு. கருணாநிதியின் வசனத்தில் ‘மந்திரி குமாரி’. 1956-இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’. மொத்தம் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். ‘மந்திரி குமாரி’யில் வில்லன் கதாநாயகியை மலை உச்சிக்கு அழைத்துப்போகும் பாட்டு ஏற்காட்டில்தான் எடுக்கப்பட்டது என்று சேலத்துப் பெரியவர்கள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள்.

படங்களின் பட்டியலைவிட அவர் தொழில் நடத்திய முறைதான் இன்றைக்குப் பாடமாகக்கூடியது. நடிகர், எழுத்தாளர், தொழிலாளர் என்று பலரும் மாதச் சம்பளத்தில் இருந்தார்கள். கதை இலாகா உள்ளேயே இருந்தது. கண்ணதாசன் அதில் வேலை பார்த்தவர். படப்பிடிப்புத் தளம் தொடங்கித் தேவையானதெல்லாம் ஒரே வளாகத்துக்குள். ஒரு படம் தோற்றாலும் அடுத்த படத்துக்கான வேலை மறுநாள் காலை நடந்துகொண்டிருக்கும். தொழிற்சாலையின் ஒழுங்கு அது. நெசவு படித்தவருக்கு அது இயல்பாகவே வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எடுத்த படம் அவருடையது, எடுத்த இடம் அவருடையது, அதை யாருக்கு எந்த விலைக்கு விற்பது என்ற முடிவும் அவருடையது.

அந்தக் காலத்தில் சேலம் மட்டும் இப்படி இருக்கவில்லை. கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜாவும் இருந்தன. ஏவி.எம். காரைக்குடியில் படம் எடுத்துவிட்டுத்தான் 1948-இல் சென்னைக்குப் போனது. தமிழ்ப் படம் பல ஊர்களில் பிறந்து, பிறகு கோடம்பாக்கத்தில் குவிந்தது. நட்சத்திரங்கள் சென்னையில் குடியேறினார்கள். அவர்களுடைய கால்ஷீட்டுக்காகப் படம் அவர்களைத் தேடிப் போனது. சுந்தரம் 1963-இல் காலமானார். நிறுவனம் அதற்குப் பிறகும் படங்கள் எடுத்தது. ஆனால் மாதச் சம்பளத்தில் ஆள் வைத்து நடத்தும் முறை, நட்சத்திரம் கேட்ட சம்பளத்துக்கு முன்னால் நிற்க முடியாமல் போயிற்று. 1980-களின் தொடக்கத்தோடு கதை முடிந்தது.

கோடம்பாக்கத்தில் குவிந்த தொழிலை மறுபடி ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்தது கைப்பேசி. அது ஒரே நாளில் நடந்துவிடவில்லை. தமிழ் முதலில் கணினிக்குள் நுழைய வேண்டியிருந்தது. அந்த வேலையைப் பெரும்பாலும் கடல் கடந்த தமிழர்களே தொடங்கினார்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980-களிலேயே ‘முரசு’ மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1990-களின் நடுவில் தமிழை இணையத்துக்குக் கொண்டுவந்தார். 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகை ஏற்கப்பட்டது. இவர்களில் யாரையும் ‘ஸ்டார்ட்அப்’ என்று அப்போது யாரும் அழைக்கவில்லை. ஆனால் இன்று தமிழில் தட்டச்சு செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் இவர்கள் போட்ட தளத்தின் மேல்தான் நிற்கிறது.

அதே 1990-களில் ஒரு டிஜிட்டல் ஊடக நிறுவனம் உலகத்தையே தன் பக்கம் திருப்பியது. 1993-இல் சைமன் கிங் தொடங்கிய கிரிக்இன்ஃபோவைக் கட்டியெழுப்பியவர்களில் ஒருவர் பத்ரி சேஷாத்ரி. வெளிநாடுகளில் படித்துக்கொண்டிருந்த மாணவர்களும் ஆர்வலர்களும் ஸ்கோரைத் தட்டச்சு செய்து அனுப்ப, கிரிக்கெட் ரசிகர்கள் கோடிக்கணக்கில் வந்து குவிந்தார்கள். 2000-ஆம் ஆண்டில் சத்யம் இன்ஃபோவே அதன் 25 சதவீதப் பங்கை 3.75 கோடி டாலருக்கு வாங்கியது. டாட்காம் சந்தை சரிந்தது; கிரிக்இன்ஃபோ 2003-இல் விஸ்டனிடம் போனது, 2007-இல் இ.எஸ்.பி.என்-இடம் போனது. கூட்டம் இருந்தது, கூட்டத்திடமிருந்து காசு வரும் வழி உறுதியாக இல்லை. இந்த இடைவெளியை யார் எப்படி அடைக்கிறார்கள் என்பதுதான் அன்றுமுதல் இன்றுவரை டிஜிட்டல் ஊடகத்தின் முழுக் கதையும். பத்ரி அதற்குப் பிறகு 2004-இல் தொடங்கியது கிழக்கு பதிப்பகத்தை. விலை அச்சிட்டு விற்கக்கூடிய புத்தகத்தின் பக்கம் அவர் போனதை நான் தற்செயலாக நினைக்கவில்லை.

தமிழில் இந்த இடைவெளி ஓரளவு அடைபட்டது 2016-க்கும் 2018-க்கும் நடுவில். 2014-இல் ஒரு ஜிபி கைப்பேசி டேட்டாவுக்குச் சுமார் 269 ரூபாய் ஆனது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. 2018-இல் அதே ஒரு ஜிபி சுமார் 12 ரூபாய். 2017-இல் கே.பி.எம்.ஜி.யும் கூகுளும் வெளியிட்ட அறிக்கை, தங்கள் மொழியில் இணையத்தைப் பயன்படுத்துவதில் இந்திய மொழிகளுக்குள் தமிழர்களே முதலிடம் என்றது: 42 சதவீதம். இந்தி 39. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஆட்சென்ஸ் உள்ளிட்ட கூகுளின் விளம்பரச் சேவைகள் தமிழை ஏற்றன. அதுவரை தமிழில் இணையதளம் நடத்தியவர்கள் கூகுள் விளம்பரம் போடவே வழியில்லாமல் கைக்காசைச் செலவழித்துக்கொண்டிருந்தார்கள். எழுத்து தமிழில் இருந்தது என்பதற்காகவே வருமானம் மறுக்கப்பட்ட அந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் எத்தனை நல்ல தளங்கள் மூடப்பட்டன என்று எண்ணினால் மனம் ஆறவில்லை.

பிறகு வந்தவர்களைப் பாருங்கள். கோவையிலிருந்து எருமசாணி, கோவையிலிருந்தே நக்கலைட்ஸ் என்ற யூடியூப் சேனல்கள். நக்கலைட்ஸ் பேசுவது அப்பட்டமான கொங்குத் தமிழ். ‘அம்மா அலப்பறைகள்’ தொடரில் வரும் அம்மா, சினிமாவில் இத்தனை ஆண்டுகள் கொங்குப் பேச்சைக் கேலிக்கு மட்டும் வைத்திருந்ததற்குப் பதில் சொன்னாள். அந்தப் பேச்சு எங்கள் வீட்டுப் பேச்சு என்று சேலம், ஈரோடு, நாமக்கல் வீடுகளில் உட்கார்ந்து பார்த்தார்கள். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் 2018-இல் ஒரு தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் அடுப்பு மூட்டிச் சமைத்து வீடியோ போட்டார்கள். தாத்தா பெரியதம்பி ஏற்கெனவே சமையல் வேலை பார்த்தவர். 2021 ஜூலையில் வில்லேஜ் குக்கிங் சேனல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல் ஆனது. அந்த மகிழ்ச்சியில் முதல்வரின் கொரோனா நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். ஸ்டுடியோ இல்லை, நட்சத்திரம் இல்லை, கோடம்பாக்கம் இல்லை. அவர்களிடம் இருந்தது ஒரு கைத்தொழில், ஒரு ஊர், ஒரு குடும்பம். விவசாய வேலை இல்லாத மாதங்களில் என்ன செய்வது என்ற கேள்வியில் தொடங்கிய தொழில் அது.

இப்படி வளர்ந்தவற்றை இந்திய அளவில் வைத்துப் பார்த்தால் தொகை பெரிது. எர்ன்ஸ்ட் அண்ட் யங் ஃபிக்கியோடு சேர்ந்து வெளியிட்ட கணக்கின்படி, 2024-இல் டிஜிட்டல் ஊடகத்தின் வருமானம் சுமார் 80,200 கோடி ரூபாயாகி முதன்முறையாகத் தொலைக்காட்சியை முந்தியது. மூன்று ஆண்டுகளில் இந்தியப் படைப்பாளிகளுக்கும் நிறுவனங்களுக்கும் 21,000 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்திருப்பதாக யூடியூப் 2025 மே மாதத்தில் அறிவித்தது. ஆனால் பெருந்தொகை சின்னவர்களின் கைக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒருவர் சேனல் தொடங்குகிறார். விளம்பர வருமானத்துக்குத் தகுதி பெற 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். நீண்ட வீடியோ போடுகிறவர் என்றால் ஓராண்டுக்குள் 4,000 மணி நேரம் மக்கள் பார்த்திருக்க வேண்டும். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் அவருடைய முகவரியை உறுதிசெய்யக் கூகுள் ஒரு ரகசிய எண்ணைக் கடிதத்தில் அனுப்புகிறது. சாதாரணத் தபால். மலைக்கிராமத்தில் இருப்பவர் தபால்காரருக்காக வாரக்கணக்கில் காத்திருப்பார். 100 டாலர் சேர்ந்த பிறகுதான் பணம் வங்கிக்கு வரும். மாதத்தின் 21-ஆம் தேதிக்கு மேல்தான் அனுப்புவார்கள். நீண்ட வீடியோவின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் படைப்பாளிக்கு. ஷார்ட்ஸ் என்றால் பொதுவில் சேரும் தொகையிலிருந்து பங்கு பிரித்து 45 சதவீதம். ஆயிரம் பார்வைக்கு எத்தனை ரூபாய் என்பது அவர் கையில் இல்லை. பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார், எந்த மாதம், எந்தப் பொருளுக்கான விளம்பரம் என்பதைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். அதனால்தான் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ‘ஆட்சென்ஸை நம்பி ஆள் வைக்க முடியாது’ என்கிறார்கள். எடிட்டருக்கும் கேமராமேனுக்கும் மாதச் சம்பளம் ‘புரமோஷன்’ காசிலிருந்துதான் போகிறது. நகைக்கடை, ஜவுளிக்கடை, கல்லூரி, மனை விற்பவர் என்று யாராவது ஒருவர் வீடியோவின் நடுவில் வந்து உட்கார்ந்தால்தான் அந்த மாதம் ஓடும்.

இந்த ஏற்பாட்டை, ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்காரர்களுக்கு விளக்கவே தேவையில்லை. அவர்கள் காப்பியில் இதைப் பார்த்துவிட்டார்கள். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் இந்த மலையில் காப்பி வைத்த நாளிலிருந்து இங்கே பழம் பழுக்கிறது. விலை வேறெங்கோ பழுக்கிறது. அரபிக்காவின் விலையை நியூயார்க் சந்தை சொல்லும். 1940-களிலிருந்து அரை நூற்றாண்டுக்கு விவசாயி தன் காப்பியைக் காப்பி போர்டின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. யாருடைய தோட்டத்துப் பழம் என்ற அடையாளம் அங்கே கரைந்துவிடும். பணம் தவணை தவணையாக வரும். 1992 தொடங்கிப் படிப்படியாக அந்தக் கட்டாயம் தளர்ந்து, 1996-இல் முற்றிலும் நீங்கியது. பழத்தை அப்படியே விற்கிறவருக்குக் கிடைப்பதும், வறுத்து அரைத்துத் தன் பெயர் போட்ட பொட்டலத்தில் விற்கிறவருக்குக் கிடைப்பதும் ஒன்றாகாது என்று இப்போது எல்லோருக்கும் தெரியும்.

யூடியூபும் இன்ஸ்டாகிராமும் இன்றைய பொதுத் தொகுப்பு. முன்னதைவிட ஒரு வகையில் இவை நல்லவை: வாசலில் யாரையும் தடுப்பதில்லை, எடுத்தவர் பெயர் அழிவதில்லை. இன்னொரு வகையில் மோசமானவை. காப்பி போர்டை எதிர்த்துப் பேச ஒரு நாடாளுமன்றம் இருந்தது. அல்காரிதம் நேற்று வரை கொடுத்த பார்வையை இன்று நிறுத்தினால் எந்த அலுவலகத்துக்குப் போய்க் கேட்பது? 2020 ஜூன் 29-ஆம் தேதி இரவு மத்திய அரசு டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தது. காரணம் எதுவாக இருந்தாலும், தமிழ்நாட்டுக் கிராமங்களில் அதை நம்பி லட்சக்கணக்கில் ரசிகர்களைச் சேர்த்திருந்தவர்கள் மறுநாள் காலை பூஜ்யத்திலிருந்து தொடங்கினார்கள். ரசிகர்களின் கைப்பேசி எண்கூட அவர்களிடம் இல்லை. ரசிகர்கள் செயலியின் சொத்தாக இருந்தார்கள்.

நான் பார்த்தவரையில், இந்தத் துறையில் மூன்று நான்கு ஆண்டுகளைத் தாண்டி நிற்கும் நிறுவனங்கள் எல்லாவற்றிலும் ஒரு பொது அம்சம் உண்டு. எதையாவது ஒன்றைத் தமக்கென்று சொந்தமாக வைத்திருக்கின்றன. நக்கலைட்ஸுக்கு நாடகக் குழுபோல ஒன்றாக நடித்துப் பழகிய ஆட்கள். பார்வையாளர் அந்த முகங்களைத் தேடி வருகிறார். விகடனுக்கு 1920-களிலிருந்து சேர்ந்த இதழ்களும், அவற்றைப் படிக்கச் சந்தா கட்டும் வாசகர்களும். 2014-இல் பெங்களூரில் தொடங்கிய பிரதிலிபிக்கு, தொடர்கதையின் அடுத்த அத்தியாயத்துக்காகக் காத்திருக்கும் பெண் வாசகர்களும், அதே வாசகர்களுக்குள்ளிருந்து எழுந்துவந்த எழுத்தாளர்களும். வாரப் பத்திரிகைகள் தொடர்கதையைக் கைவிட்ட இடத்தை அது பிடித்துக்கொண்டது. செய்தித் துறையில் நியூஸ்லாண்ட்ரியும் நியூஸ் மினிட்டும் வாசகர் சந்தாவைக் கேட்டு வாங்கக் கற்றுக்கொண்டன. ஆங்கில வாசகரிடம் அது ஓரளவு பலித்திருக்கிறது. தமிழில் செய்திக்குக் காசு கேட்பது இன்னும் கூச்சமான காரியமாகவே இருக்கிறது. தெருமுனைக் கடையில் ஒரு டீயோடு நாலு பேர் ஒரு பேப்பரைப் பிரித்துப் படித்த பழக்கம் நமக்கு. அது நல்ல பழக்கம்தான், ஆனால் அதை வைத்து நிருபருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது.

அரசின் கை நீண்டிருக்கிறதா என்றால், நீண்டிருக்கிறது. ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பின் டான்சீட் திட்டத்தில் தொடக்க நிதி உண்டு. 2024 செப்டம்பரில் சேலம் கருப்பூரில் நியோ டைடல் பூங்கா திறக்கப்பட்டது. ஆனால் இந்த ஏற்பாடுகள் மென்பொருள் கம்பெனியை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. குளிரூட்டிய அறையும் இணைய இணைப்பும் கொடுக்கிறார்கள். ஊடக நிறுவனத்துக்கு வேண்டியது ஒலி புகாத ஓர் அறை, வாடகைக்குக் கேமரா, காப்புரிமைச் சிக்கல் வந்தால் ஆலோசனை சொல்ல ஒரு வழக்கறிஞர், முதல் 18 மாதச் சம்பளம். மாடர்ன் தியேட்டர்ஸ் ஒரு வளாகத்துக்குள் வைத்திருந்ததை ஐந்தாறு சிறு நிறுவனங்கள் கூடிப் பகிர்ந்துகொள்ளும்படி சேலத்தில் ஒரு பொதுக்கூடம் அமைந்தால், அதன் செலவு ஒரு சிறு பூங்காவின் செலவுக்கு அருகில்கூட வராது.

இனி மலைக்கு மேலே. ஏற்காட்டைப் பற்றி இணையத்தில் வீடியோவுக்குப் பஞ்சமில்லை. 20 கொண்டை ஊசி வளைவுகள், ஏரியில் படகு, லேடீஸ் சீட்டிலிருந்து இரவில் தெரியும் சேலத்து விளக்குகள், மூடுபனி, ட்ரோன் காட்சி. ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை சனிக்கிழமை ஏறி ஞாயிற்றுக்கிழமை இறங்கியவர்கள் எடுத்தவை. 67 கிராமங்களில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் அவற்றில் பின்னணியில் மட்டும் வருகிறார்கள்: பலாப்பழம் விற்கும் கையாக, பஜ்ஜிக்கடையின் புகையாக. சேர்வராயன் குகைக்கோயிலின் மே மாதத் திருவிழா அவர்களுக்கு ஆண்டின் நடுநாள். வீடியோவில் அது அரை நிமிடம். சில்வர் ஓக் மரத்தில் மிளகு ஏறும் பருவம், பழம் பறிக்கும் நவம்பர்-ஜனவரி மாதங்களில் கூலி என்ன, வன உரிமைப் பட்டா யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்பதைச் சொல்ல ஒரு சேனலுக்கும் நேரமில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு. கையில் கேமரா எல்லோரிடமும் இருக்கும் காலத்தில் ஒரு மலை இப்படி வெளியாள் கண்ணால் மட்டுமே பார்க்கப்படுவது சரியில்லை.

வேறு மலைகளில் வழி தெரிந்திருக்கிறது. நீலகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளையின் முயற்சியில் ரேடியோ கோத்தகிரி நடக்கிறது. பழங்குடி மக்கள் தங்கள் மொழிகளிலேயே அதில் பேசுகிறார்கள். உத்தரப் பிரதேசத்தின் சித்திரகூடத்தில் 2002-இல் கிராமத்துப் பெண்கள் ‘கபர் லஹரியா’ என்ற அச்சுப் பத்திரிகையைத் தொடங்கினார்கள். தலித் பெண்களே முன்நின்றார்கள். பத்தாண்டுக்குப் பிறகு அவர்களே கைப்பேசியில் வீடியோ எடுக்கப் பழகி, முழுக்க டிஜிட்டலுக்கு மாறினார்கள். அவர்களைப் பற்றிய ஆவணப்படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. அவர்கள் தொடங்கியபோது பார்வை எண்ணிக்கையைத் துரத்தவில்லை. கைப்பம்பு ஏன் வேலை செய்யவில்லை, சாலை ஏன் பாதியில் நிற்கிறது என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேவைப்பட்டவர்கள் முதல் வாசகர்கள் ஆனார்கள்.

சேர்வராயன் மலையில் அந்தத் தேவை இல்லாமலில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சேலம்-ஏற்காடு சாலையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அப்படியொரு காலையில் மலையில் இருப்பவருக்கும் அடிவாரத்தில் காத்திருப்பவருக்கும் வேண்டியது ஒரே தகவல்: எந்த வளைவில் மண் கிடக்கிறது, குப்பனூர் வழி திறந்திருக்கிறதா, பேருந்து எங்கே வரை வரும். வாட்ஸ்அப்பில் பழைய படமும் புதிய படமும் கலந்து ஓடும். நம்பி ஒரு இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல, மலைக்கென்று ஒரு நிறுவனம் வேண்டும். ஏற்காட்டுக் காப்பி, மிளகு விலை, பள்ளிப் பேருந்து, மருத்துவமனையில் டாக்டர் இருக்கும் நாள், திருவிழா, இறப்புச் செய்தி என்று அதற்கு வேலை நாள்தோறும் உண்டு.

கணக்கு போட்டுப் பார்த்தேன். நாகலூரிலோ ஒண்டிக்கடை அருகிலோ ஒரு அறை, இரண்டு கைப்பேசி, ஒரு மடிக்கணினி, ஒரு நல்ல மைக். மலையில் பிறந்த இரண்டு இளைஞர்களுக்குத் தலா 18,000 ரூபாய் சம்பளம்; வாடகை, மின்சாரம், பெட்ரோல், இணையத்துக்கு இன்னும் 14,000. மாதம் 50,000 ரூபாய். தோட்டக்காரர்கள், விடுதி நடத்துகிறவர்கள், ஏற்காட்டில் படித்து இப்போது வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள், ஊரைவிட்டுப் போன மலைக்காரர்கள் ஆகியோரில் ஆயிரம் பேர் மாதம் 50 ரூபாய் கட்டினால் அது நடக்கும். அந்த ஆயிரம் பேரின் பெயரும் எண்ணும் நிறுவனத்தின் சொந்த நோட்டில் இருக்கும்.